இரையில்லாத் தூண்டில்

தூண்டில் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுவது ஒரு கொக்கியும், அதில் கோத்த புழுவும், ஆற்றங்கரையில் அசையாமல் அமர்ந்திருக்கும் ஒரு மனிதனும் ஆகும். அந்தத் தூண்டிலில் மீனுக்கு ஏதோ ஒரு மரியாதை உண்டு. புழு உண்மையான புழு, மீன் அதை உண்ண வருகிறது, உண்ணும்போது அகப்படுகிறது. நான் சொல்லப்போகும் தூண்டிலில் அந்த மரியாதையும் கிடையாது. அதில் புழு இல்லை, இறால் இல்லை, ஒரு துண்டு மீன்கூட இல்லை. ஈயமும் மரமும் சேர்ந்த ஒரு சிறு கட்டை, அதன் வாலில் சில முட்கள், அவ்வளவே. நீரில் எறிந்துவிட்டுச் சும்மா இருந்தால் அது கல்லைப்போல் கிடக்கும். கயிற்றைப் பிடித்த கை அசைந்தால்தான் அதற்கு உயிர் வரும். அசைவு ஒன்றையே இரையாகக் காட்டி ஏமாற்றும் தூண்டில் அது.

ஆங்கிலத்தில் இதனை ஜிக் என்பர். துள்ளித் துள்ளி ஆடும் ஒருவகை நாட்டு நடனத்திற்கும் அம்மொழியில் அதுவே பெயர். நம் கரையிலும் கணவாய் பிடிப்போரிடையே இச்சொல் புகுந்துவிட்டது. ஆதலால் நானும் அதையே ஆளுகிறேன்.

ஜிக்கில் அகப்படும் உயிர்கள் பல. பாரை அகப்படும், களவா அகப்படும். ஆயினும் இந்தத் தூண்டிலுக்கென்றே பிறந்ததுபோல் ஓர் உயிர் உண்டென்றால் அது கணவாய்தான். கணவாய் உண்மையில் மீன் அன்று. நத்தைக்கும் சிப்பிக்கும் உறவான மெல்லுடலி. நம் மீனவர் இதை மூன்றாகப் பிரித்து அறிவர். உடலுக்குள் வெண்மையான ஓடு உடையது ஓட்டுக் கணவாய். நீண்டு மெலிந்து, ஓட்டுக்குப் பதிலாகக் கண்ணாடித்தாள் போன்ற தகடு ஒன்றை உடையது ஊசிக் கணவாய். ஓடும் இல்லாமல் தகடும் இல்லாமல், எட்டுக் கைகளுடன் பாறை இடுக்கில் பதுங்குவது பேய்க் கணவாய். ஓட்டுக் கணவாயின் ஓடு கரையில் ஒதுங்கிக் கிடப்பதை நேயர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் விற்பது அதுவே.

முதல் இரண்டு வகைக்கும் எட்டுக் கைகளோடு, அவற்றினும் நீண்ட இரண்டு பற்றுகைகள் உண்டு. சாதாரண வேளைகளில் அவை உள்ளே சுருங்கி மறைந்திருக்கும். இரையைக் கண்டவுடன் கணவாய் அதை நேர்க்கோட்டில் வைத்துக்கொண்டு சற்று நிற்கும். பிறகு அந்த இரு கைகளும் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் நீண்டு, இரையைப் பற்றி, எட்டுக் கைகளின் நடுவே கொணர்ந்து சேர்க்கும். வாயால் கவ்வுவது அதற்கு அடுத்த வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீன் வாயால் அகப்படுகிறது. கணவாய் தழுவி அகப்படுகிறது. ஜிக் தூண்டிலின் அமைப்பு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

பாக்கு நீரிணையின் ஆழமற்ற, கடற்புல் படர்ந்த பகுதிகளில் ஒரு கணவாய் உண்டு. ஊசிக் கணவாயின் உறவுதான். ஆனால் உடல் பருத்து, சேலையின் கரைபோல் துடுப்பு உடலின் இருபுறமும் நெடுகச் சுற்றிச் செல்லும். பார்ப்பதற்கு ஓட்டுக் கணவாய் என்றே தோன்றும்; அறுத்தால் ஓடு இராது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் மண்டபத்தில் இருந்த காலத்தில், 1954-இல், கே. வீரபத்ர ராவ் இந்தக் கணவாயின் வாழ்க்கையையும் அதைப் பிடிக்கும் தொழிலையும் ஆராய்ந்து ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார். அவர் வழங்கிய இனப்பெயர் வேறு. பின்வந்த அறிஞர்கள் அதைச் செபியோட்யூதிஸ் லெஸ்ஸோனியானா என்ற பெயரில் அடக்கினர். அந்தப் பெயர் நமக்கு ஒரு வழிகாட்டி. ஏனெனில் ஜப்பானியர் அஓரி-இகா என்று போற்றும் கணவாயும் இந்தப் பெயருக்கு உரியதே. அதைப் பிடிக்க அவர்கள் செய்த பொய்யிரையே உலகெங்கும் பரவிய கணவாய் ஜிக்குகளுள் மிகவும் நுட்பமானது. நம் கடலில் வாழும் உயிரின் குணத்தை வேறொரு நாட்டு மரத்துண்டு எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில் பழைய சாட்சுமா நாடு இருந்தது. இன்றைய ககோஷிமா மாவட்டம் அது. அதற்கும் தெற்கே அமாமித் தீவுகள். தீப்பந்தத்தின் ஒளியில் இரவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒருவனுடைய பந்தத்திலிருந்து எரிந்த கட்டை ஒன்று நீரில் விழுந்ததாகவும், மிதந்த அந்தக் கட்டையைக் கணவாய் ஒன்று வந்து கட்டிக்கொண்டதாகவும் அங்கே ஒரு கதை வழங்குகிறது. கதையை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் கணவாயை அறிந்தவர் சொன்ன கதை என்பதில் ஐயமில்லை. எதை உண்ணலாம் என்று வாயால் சோதிக்கும் முன்பே கையால் கட்டிக்கொள்ளும் பிராணி அது. எகி என்று அந்தப் பொய்யிரைக்குப் பெயர். எ என்றால் இரை, கி என்றால் மரம். இரைமரம் என்று நாம் சொல்லலாம்.

இரைமரம் இறாலின் வடிவில் செதுக்கப்பட்டது. நீளம் அந்நாட்டுப் பழைய அளவான சூன் கணக்கில் சொல்லப்படும். ஒரு சூன் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். மூன்றரை சூன் அளவே பெரிதும் வழக்கில் உள்ளது. அதாவது பத்தரை சென்டிமீட்டர், ஏறக்குறைய நம் நடுவிரலைவிடச் சற்று நீளம். தொண்டைக்குக் கீழே ஓர் ஈயத் துண்டு பதித்திருக்கும். வாலில் இரண்டு வரிசையாக, மேல்நோக்கி வளைந்த மெல்லிய முட்கள், தலைகீழாகக் கவிழ்ந்த மகுடம் போல் சுற்றி நிற்கும். பண்டைக் காலத்தில் மரத்தைத் தீயில் வாட்டிக் கரும்புள்ளிகள் இட்டனர். பிறகு துணி சுற்றினர். இப்போது மரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிளாஸ்டிக் பிடித்துவிட்டது. வடிவம் மட்டும் மாறவில்லை.

அந்த முட்களை எடுத்து நோக்கினால் ஒன்று விளங்கும். மீன்பிடிக்கும் கொக்கியில் நுனிக்குப் பின்னால் எதிர்முள் ஒன்று இருக்கும். ஏறிய கொக்கி கழன்று வராமல் தடுப்பது அது. கணவாய் ஜிக்கில் எதிர்முள் கிடையாது. கணவாயின் கை மென்மையானது. எதிர்முள் இருந்தால் சதை கிழிந்து கை மட்டும் மிஞ்சும், கணவாய் போய்விடும். இல்லாததால் இன்னொரு வசதியும் உண்டு. படகுக்குள் வந்ததும் ஜிக்கைத் தலைகீழாகத் திருப்பினால் கணவாய் தானே கழன்று விழும். விரலால் தொட வேண்டியதே இல்லை. ஆனால் இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். கயிறு ஒரு கணம் தொய்ந்தாலும் போதும், முள் வழுக்கிக் கணவாய் தப்பிவிடும். எதிர்முள் செய்ய வேண்டிய வேலையை மனிதனின் கை செய்தாக வேண்டும்.

இனி அந்தக் கை என்ன செய்கிறது என்று சொல்கிறேன். முதலில் ஆழம் அறிய வேண்டும். மூன்றரை சூன் ஜிக் ஒரு மீட்டர் இறங்கச் சுமார் மூன்று நொடி ஆகும். எறிந்தவுடன் எண்ணத் தொடங்கி, கயிறு தளரும்போது நிறுத்தினால் அடி எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். அடுத்த முறை அதற்குச் சில எண்களுக்கு முன்னமே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் பாரிலோ கடற்புல்லிலோ முட்கள் மாட்டி ஜிக்கையே கடலுக்குத் தானம் செய்ய நேரும். பிறகு கயிற்றைச் சட்டென்று மேலே வெட்டி இழுக்க வேண்டும். ஒரு முறை, உடனே மற்றொரு முறை. நீருக்கடியில் ஜிக் பக்கவாட்டில் துள்ளி மேலே எழும். பயந்த இறால் வாலை அடித்துத் துள்ளுவது எப்படியோ அப்படியே. அதன்பின் கையை நிறுத்திவிட வேண்டும்.

தொழிலின் உயிர்நிலை அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. புதிதாகப் பழகுவோர் விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். துள்ளலே கணவாயைப் பிடிக்கிறது என்று அவர்களுக்கு எண்ணம். துள்ளல் கணவாயை அழைக்கிறது, அவ்வளவே. அது பிடிப்பது ஜிக் விழும்போது. தொண்டையில் ஈயம் இருப்பதால் தலை கீழாகவும் வால் மேலாகவும் சாய்ந்து, தளர்ந்துபோன இறாலைப்போல் மெதுவாக இறங்கும் அந்த நான்கைந்து நொடிகளில்தான் கணவாய் நெருங்கி வந்து கை நீட்டும். அப்பொழுது மேலே இருப்பவனுக்குத் தெரிவதெல்லாம் கயிற்றில் ஒரு சிறு மாற்றம். இறங்கிக்கொண்டிருந்த கயிறு நடுவழியில் நின்றுவிடும். அல்லது காரணமின்றிப் பக்கவாட்டில் ஓடும். மீன் கடித்தால் வருவது போன்ற வெடுக்கென்ற இழுப்பு வருவது அரிது. நனைந்த துணி ஒன்று சிக்கிக்கொண்டது போன்ற கனம்தான் முதலில் தெரியும். குமரிக்கரை நாட்டுப்படகு ஒன்றில் தங்கூசிக் கயிற்றை விரலில் சுற்றி நான் இதை உணர்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த முதியவர் என் கயிற்றைத் தொடாமல், பார்த்தே, "கணவாய் கட்டிருச்சு, இழு தம்பி" என்றார். அவர் பார்த்தது என்ன என்று அன்று எனக்குப் புலப்படவில்லை. கயிறு நீரைத் தொடும் இடத்தில் அலையோடு சேராமல் நிற்பதைத்தான் அவர் பார்த்தார் என்பது சில நாள் பழகியபின் விளங்கிற்று.

கனம் தெரிந்ததும் ஓங்கி இழுத்தல் கூடாது. ஒரே சீராக, தொய்வில்லாமல், கைக்குமேல் கை வைத்து ஏற்ற வேண்டும். கணவாய் இடையிடையே நீரைப் பீச்சிப் பின்னோக்கிப் பாயும். அந்த நேரத்தில் சற்று இடம் கொடுக்க வேண்டும், ஆனால் இறுக்கத்தை விடக்கூடாது. நீர்மட்டத்திற்கு வந்ததும் அதன் முகத்தைக் கடல்பக்கம் திருப்பி நிறுத்தி, அது மையைக் கக்கி முடித்தபின் படகுக்குள் எடுப்பார்கள். இதை அறியாத விருந்தாளியின் வெள்ளைச் சட்டை என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று கடையில் தொங்கும் ஜிக்குகளைப் பார்த்தால் தீபாவளித் துணிக்கடை நினைவுக்கு வரும். ஆனால் ஏறக்குறைய எல்லாக் கணவாய் இனங்களுக்கும் கண்ணில் ஒரே ஒரு வகை ஒளிநிறமிதான் உண்டு. ஆகவே அவை நிறங்களைப் பிரித்தறிய இயலாதவை என்பது அறிஞர் கொள்கை. தன் உடலின் நிறத்தை நொடிக்கொரு முறை மாற்றும் பிராணி நிறக்குருடு என்பது இயற்கையின் விசித்திரங்களுள் ஒன்று. ஆனால் ஒளி, நிழல் வேறுபாட்டில் அதற்குக் கூர்மை மிகுதி. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியின் அதிர்வுத் திசையையும் அது காணும். ஆழத்தில் செந்நிறம் முதலிலேயே மங்கிக் கறுப்பாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஜிக்கின் வண்ணம் கணவாயின் கண்ணில் வெளிறியதா, கரியதா என்ற அளவில் மட்டுமே பொருள்படும் என்பது தெரியும். மற்ற அழகெல்லாம் காசு கொடுப்பவனைப் பிடிப்பதற்கு.

இவ்வளவும் கேட்டவர்கள், ஒவ்வொன்றாகப் பிடிக்கும் இந்தத் தூண்டிலால் கடலுக்கு என்ன தீங்கு வரப்போகிறது என்று நினைக்கலாம். இழுவலையோடு ஒப்பிட்டால் அது பெரிதும் உண்மை. இழுவலை அடித்தரையை வாரிக்கொண்டு செல்லும். வேண்டியதும் வேண்டாததும் குஞ்சும் அதில் வரும். ஜிக்கில் கணவாய் தவிர வேறொன்று வருவது மிகக் குறைவு. தோல் உரியாமல், மணல் படியாமல் வருவதால் ஜிக் கணவாய்க்குச் சந்தையில் விலையும் கூடுதல். எனினும் கருவியின் நல்ல குணத்தை மட்டும் கண்டு மனநிறைவு கொள்வது போதாது என்பதற்கு இரண்டு வெளிநாட்டுக் காட்சிகளைச் சொல்லி, பிறகு நம் கரைக்கு வருகிறேன்.

முதலாவது, கனடாவின் கிழக்கே நியூபவுண்ட்லாந்து. அங்குள்ளோர் காட் என்னும் மீனைப் பிடித்துப் பல தலைமுறை வாழ்ந்தனர். அவர்களுடைய ஜிக், மீன் வடிவில் வார்த்த ஈயக்கட்டி. வாயில் இரண்டு பெரிய கொக்கிகள். இரை கிடைக்காத நாட்களிலும், மீன் வயிறு புடைத்து இரையைத் தொடாத நாட்களிலும் அதைக் கடலடிக்கு இறக்கி, சற்று மேலே தூக்கி, வெடுக்கு வெடுக்கென்று இழுப்பார்கள். இரை வேண்டுமானால் அதற்கும் ஜிக்தான். சிறு ஜிக்கால் கணவாயைப் பிடித்துக் காட் மீனுக்கு இரையாக்குவார்கள். அந்தக் கணவாய்த் தொழிலைப் பற்றி ஆர்தர் ஸ்காமெல் என்பவர் 1928-இல், பள்ளிப் பருவத்திலேயே எழுதிய பாட்டு அந்தத் தீவில் இன்றும் வழங்குகிறது. கணவாய் ஜிக்கிற்கும் காட் ஜிக்கிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. கணவாய் தானே வந்து தழுவுகிறது. காட் மீனையோ கொக்கி வாயில் பிடித்தாலும் பிடிக்கும், வயிற்றிலும் விலாவிலும் குத்திப் பிடித்தாலும் பிடிக்கும். குத்துண்டு தப்பிய மீன்கள் புண்பட்டுச் சாகின்றன என்ற குறை அந்நாட்டு மீனவரிடையே பழங்காலத்திலேயே எழுந்தது. ஆகவே ஜிக் என்ற பெயர் ஒன்றேயானாலும், எந்த உயிரின் மேல் அதைச் செலுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அதன் நன்மை தீமை மாறும்.

அந்தக் கடலை வெறுமையாக்கியது ஜிக் அன்று. 1950-களில் பெரிய ஆலைக்கப்பல்கள் இழுவலையோடு வந்தன. 1968-இல் வடபுலக் காட் பிடிப்பு எட்டு லட்சம் டன்னைத் தாண்டிற்று. 1992 ஜூலையில் கனடா அரசு அந்தத் தொழிலையே நிறுத்திவைத்தது. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். வணிகப் பிடிப்பை அளவோடு மீண்டும் திறக்க 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஈயக்கட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கியவனும் பெருங்கப்பல்காரன் செய்ததற்கு அபராதம் செலுத்தினான்.

இரண்டாவது காட்சி ஜப்பான் கடல். அங்கே சுருமே-இகா என்னும் கணவாயை இரவில் விளக்கு வைத்துப் பிடிப்பர். பழைய தீப்பந்தத்தின் இடத்தில் அசிட்டிலின் விளக்கு வந்தது. பின்பு மின்விளக்கு வந்தது. கைக்குப் பதிலாக இயந்திரம் வந்தது. அந்த இயந்திரத்தின் உருளையை வட்டமாகச் செய்யாமல் நீள்வட்டமாகச் செய்தார்கள். சுழலும்போது கயிறு ஒருகால் விரைந்தும் ஒருகால் தளர்ந்தும் ஏறும். கையின் வெடுக்கு அதில் பிறந்துவிடும். ஒரே கயிற்றில் வரிசையாகப் பல ஜிக்குகள். வெளிச்சத்தில் கணவாய் கூடுகிறது என்று சொல்கிறோமே தவிர, அது நிற்பது வெளிச்சத்தில் அன்று. படகின் அடியில் விழும் நிழலில் நின்று, ஒளியில் திரியும் இரையின் மேல் பாய்கிறது. ஜிக்குகள் நிழலின் ஓரமாக ஏறி இறங்குவது அதனால்தான். இத்தகைய படகுகளின் ஒளியை விண்ணிலிருந்து எடுத்த இரவுப் படங்களில் நகரங்களின் ஒளிபோலவே காணலாம். நிலமே இல்லாத கடல்நடுவே ஓர் ஊர் எரிவது போலத் தோன்றும். இவ்வளவு திறமை கூடியும், 2016-க்குப் பின் சுருமே-இகாவின் பிடிப்பு முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் குறைந்துவிட்டது. கடல்நீரின் வெப்பமாற்றம் ஒரு காரணம். பல நாட்டார் சேர்ந்து பிடித்தது மற்றொரு காரணம்.

இங்கே கணவாயின் ஆயுளைச் சொல்லியாக வேண்டும். காட் இருபது ஆண்டும் அதற்கு மேலும் வாழக்கூடிய மீன். ஓர் ஆண்டு முட்டை பொய்த்தாலும் மூத்த மீன்கள் மறு ஆண்டு இடும். கணவாய்க்கு அந்தக் கையிருப்பு இல்லை. அதன் வாழ்நாள் ஏறக்குறைய ஓராண்டு. முட்டையிட்டு முடித்ததும் தளர்ந்து மடிந்துவிடும். இந்த ஆண்டு நாம் காணும் கணவாய் முழுவதும் சென்ற ஆண்டு இட்ட முட்டையின் விளைவு; அடுத்த ஆண்டுக்குரியது முழுவதும் இந்த ஆண்டுத் தாய்களிடம் இருக்கிறது. விதைநெல்லையும் உணவுநெல்லையும் ஒரே குதிரில் கொட்டி வைத்த குடியானவனின் நிலை அது. ஆதலால் கணவாயைப் பொறுத்தவரை எதனால் பிடிக்கிறோம் என்பதைவிட எப்பொழுது, எங்கே பிடிக்கிறோம் என்பது பெரிய கேள்வி.

நம் கரையில் இக்கேள்வி கூர்மையாக எழுந்திருக்கிறது. ஒரு காலத்தில் நம்மவர் கணவாயைப் பெரும்பாலும் தூண்டிலுக்கு இரையாகவே பயன்படுத்தினர்; உண்போர் சிலரே. பிறகு ஏற்றுமதி தொடங்கியது. கணவாய்க்கு மதிப்பு வந்தது. பெரும் பங்கை இழுவலைப் படகுகள் பிடிக்கின்றன. குமரிக்கரையிலும் விழிஞ்சம் பகுதியிலும் கைத்தூண்டிலால் ஓட்டுக் கணவாய் பிடிக்கும் மரபு நீடிக்கிறது. அந்தக் கரையினர் ஒரு நுட்பம் கண்டனர். தேங்காய் பறித்தபின் எஞ்சும் குலைக்காம்புகளைக் கட்டுக்கட்டாகக் கயிற்றில் பிணைத்து, மணல்மூட்டையை நங்கூரமாக்கிக் கடலில் இறக்கிவிடுவர். சில நாளில் ஓட்டுக் கணவாய்கள் அங்கே வந்து கூடும். பிறகு படகை அதன்மேல் நிறுத்தி ஜிக் போட்டால் போதும்; தேடி அலைய வேண்டியதில்லை, எரிபொருளும் மிச்சம். இந்த முறையை அவர்கள் கர்நாடகக் கரை வரைக்கும் கொண்டுசென்றனர். அங்கே இழுவலைக்காரர்களோடு பூசல்களும் விளைந்தன.

கணவாய் அங்கே வருவது ஏன்? நிழலுக்காக அன்று, இரைக்காகவும் பெரிதும் அன்று. முட்டையிட ஒரு பிடிமானம் தேடி வருகிறது. குலைக்காம்பின் ஒவ்வொரு கிளையிலும் திராட்சைக் குலைபோல முட்டைகளைக் கட்டித் தொங்கவிடுகிறது. பெண் முட்டையிட வரும், ஆண் அதைக் காத்துப் பக்கத்தில் நிற்கும். அந்த நேரத்தில் அவற்றின் நடுவே ஜிக் துள்ளுகிறது. கருவி குற்றமற்றது, வேறு உயிரைத் தொடாது, அடித்தரையைக் கிளறாது. ஆனாலும் விதைநெல் அங்கே எடுக்கப்படுகிறது. மீன்வள ஆராய்ச்சியாளர்கள் இதைச் சுட்டிக் காட்டியிருக்கின்றனர்.

மீனவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். "எப்படியும் முட்டையிட்டுச் சாகப்போகிற கணவாய்தானே? நாங்கள் எடுக்காவிட்டால் மடியில் அள்ளுகிறவன் எடுப்பான்" என்று அவர்கள் என்னிடம் வாதித்திருக்கிறார்கள். வாதத்தின் இரண்டாம் பாதி மறுக்க முடியாதது. ஆண்டுதோறும் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடலில் ஜூன், ஜூலை மாதங்களிலும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் உண்டு. விளக்கொளி பாய்ச்சி இழுவலையும் சுருக்குமடியும் இடுவதை மத்திய அரசு 2017-இல் தடுத்தது. ஆனால் தடைக்காலத்திற்கு வெளியே ஓர் இழுவலை குலைக்காம்புக் கட்டின்மேல் ஒருமுறை சென்றால் தாயும் போகும், முட்டையும் போகும், கயிறும் போகும். முதற்பாதிதான் எனக்கு உடன்பாடில்லை. முட்டையிட்டபின் சாவது வேறு. இடுவதற்கு முன் எடுபடுவது வேறு. ஜிக்கைத் தழுவுகிற கணவாய் இட்டு முடித்ததா இல்லையா என்று கயிற்றைப் பிடித்தவனால் சொல்ல இயலாது.

இதற்குத் தொழிலை நிறுத்துவது வழி என்று நான் கூறவில்லை. ஜப்பானிய மீனவ ஊர்கள் பலவற்றில், அஓரி-இகா முட்டையிடுவதற்கென்றே இலையடர்ந்த மரக்கிளைகளை வெட்டிக் கடலில் இறக்கிவிடுகிறார்கள். நம் குலைக்காம்பும் அவர்கள் கிளையும் ஒரே பொருள்தான். நாம் அதன்மேல் தூண்டில் போடுகிறோம். அவர்கள் முட்டைக்காக விட்டுவைக்கிறார்கள். பத்துக் கட்டு இறக்குகிற படகு அவற்றுள் மூன்று கட்டுகளை வேறு நிற மிதவையிட்டு விலக்கி வைக்கலாம். அவற்றின்மேல் ஜிக் போடுவதில்லை என்று ஊர்க்கமிட்டி பேசி முடிவு செய்யலாம். மற்றக் கட்டுகளையும் பருவம் முடிந்தவுடன் மேலே இழுத்துவிடாமல், முட்டை பொரியும்வரை கடலிலேயே விட்டுவைக்கலாம். இழுவலைக்காரர்களோடும் அந்த மூன்று மிதவைகளைப் பற்றி மட்டுமாவது ஓர் ஒப்பந்தம் வேண்டும். ஒரு தரப்பு மட்டும் காத்துப் பயன் இல்லை. கைத்தூண்டில்காரர்கள் வாங்கும் கூடுதல் விலை இதற்கு இடம் கொடுக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

காத்திருக்க வேண்டிய காலம் அப்படி ஒன்றும் நீண்டதன்று. நம் கடலின் வெப்பத்தில் ஓட்டுக் கணவாயின் முட்டை இரண்டு மூன்று வாரங்களில் பொரிந்துவிடும். கடைசி நாட்களில் அந்தக் காம்பு ஒன்றைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே கையில் ஏந்திப் பார்த்தால், முட்டையின் மெல்லிய உறைக்குள் குஞ்சின் கண் தெரியும். விரல் நிழல் பட்டதும் அதன் உடலில் நிறம் மாறுவதும் தெரியும். வெளிவரும்போது அதன் நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. அந்த அளவிலேயே, தன்னிலும் சிறிய இறாற்குஞ்சு எதிரே துள்ளினால், அது சற்று நின்று, நேர்க்கோட்டில் வைத்து, இரண்டு பற்றுகைகளையும் நீட்டுகிறது.